டிஜிட்டல் தடயவியல்: கணினித் துறையா, குற்றவியல் துறையா?

பாளையங்கோட்டை மாணவி:
கணினி அறிவியல் இளங்கலை இறுதியாண்டில் படிக்கிறேன். பின்னாளில் டிஜிட்டல் தடயவியலில் (கணினி முதலிய கருவிகளில் உள்ள குற்றத் தடயங்களை ஆராயும் துறை) ஆய்வு செய்து, கல்லூரியில் அதையே கற்பிக்க விரும்புகிறேன். அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் துறை, கணினித் துறை இரண்டும் உள்ளன. எதில் சேர்வது பொருத்தம்? விலையுயர்ந்த ஆய்வுக்கூடம் இல்லாமல் இத்துறையில் ஆய்வு செய்ய முடியுமா?

தாழையூத்து ஆசிரியர்:
ஆய்வுக்கூடத்தை எண்ணித் தயங்க வேண்டாம், அம்மா. வட்டில் உள்ள தடயங்களை ஆராய உதவும் ஸ்லூத் கிட், ஆட்டோப்சி ஆகிய மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. பிறருடைய வன்வட்டை வகுப்பில் திறந்து காட்டுவது அந்தரங்கத்தை மீறுவதாகும் என்பதால், கற்பனை வழக்குகளுக்காகவே உருவாக்கப்பட்ட வட்டுப் பிரதிகளை டிஜிட்டல் கார்ப்போரா என்னும் தளம் பொதுவில் வைத்திருக்கிறது. ஒருவர் கண்ட முடிவை மற்றொருவர் அதே பிரதியில் சோதித்துப் பார்க்க முடிவதுதான் ஆய்வுக்கு அதனால் விளையும் பெரும் பயன்.

தீராத கேள்விகளுக்கும் பஞ்சமில்லை. பழைய வன்வட்டில் அழித்த கோப்பு, அதன்மேல் வேறொன்று எழுதப்படும்வரை பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டியில் அப்படியில்லை: ‘இப்பகுதிகள் இனித் தேவையில்லை’ என்று தெரிவிக்கும் டிரிம் கட்டளையை இயங்குதளம் அனுப்பிவிட்டால், எழுதுவதைத் தடுக்கும் கருவியை நாம் பொருத்திய பிறகும், உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு தானாகவே அப்பகுதிகளைத் துடைத்துக்கொண்டிருக்கக்கூடும். சாட்சியம் கைப்பற்றிய நிலையிலேயே இருக்கிறது என்று அப்போது எதை வைத்துச் சொல்வது?

நெல்லை வழக்கறிஞர்:
எதில் சேர்ந்தாலும் சாட்சியச் சட்டத்தை விட்டுவிடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுடன் சான்றிதழ் கேட்கிறது. அதன் ஒரு பகுதியில் நிபுணர் கையொப்பமிட வேண்டும், ஹாஷ் மதிப்பையும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், அதன் கைரேகை போன்ற குறியீடு) குறிப்பிட வேண்டும். அச்சான்றிதழ்ப் படிவத்தில் எஸ்எச்ஏ-1, எம்டி5 ஆகிய ஹாஷ் கணக்கிடும் முறைகளும் இடம்பெற்றுள்ளன. வெவ்வேறான இரு கோப்புகளுக்கு ஒரே எஸ்எச்ஏ-1 மதிப்பு வருமாறு செய்ய முடியும் என்பது 2017இலேயே மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. குறுக்கு விசாரணையில் இதைக் கேட்டால், வேண்டுமென்றே இரண்டு கோப்புகளை அப்படி அமைப்பது வேறு, கைப்பற்றிய கோப்பு ஒன்றுக்கு இணையாகப் பின்னர் மற்றொன்றை உருவாக்குவது வேறு என்பதை நீதிபதிக்கு விளங்கும் தமிழில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். (சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு.)

முக்கூடல் ஆய்வாளர்:
இணையக் குற்றவியலுக்கென ஓர் ஆய்விதழ் 2007இல் இதே பல்கலைக்கழகத்தின் குற்றவியல் ஆசிரியர் கே. ஜெய்சங்கரால் தொடங்கப்பட்டது, அப்பெருமை மறுப்பதற்கில்லை. ஆயினும் அத்துறையின் கேள்வி, குற்றம் ஏன் நிகழ்கிறது, யார் பாதிக்கப்படுகிறார் என்பது. உங்கள் நாட்டம் வட்டிலும் நினைவகத்திலும் என்றால் கணினித் துறையில் சேர்ந்து, சட்டத் தாளைத் தனியே படியுங்கள். சேரும் முன், இப்பொருளில் நெறிப்படுத்தக்கூடிய பேராசிரியர் இருக்கிறாரா என்று நேரில் சென்று கேட்டுவிடுங்கள்.