ஹால்ல வச்ச தொட்டியில மண்ணு மேல வெள்ளைப் பூஞ்சை, செடி போயிடுமா?

கேள்வி: நங்கநல்லூர் ஃபிளாட்
எல்லாருக்கும் வணக்கம். பால்கனியில சாரல் அடிக்குதேன்னு மழை ஆரம்பிச்சதும் பீஸ் லில்லி, மணி பிளான்ட், ஸ்நேக் பிளான்ட் மூணையும் ஹாலுக்குள்ள கொண்டு வந்துட்டேன். ரெண்டே வாரத்துல பீஸ் லில்லி தொட்டியில மண்ணு மேல பஞ்சு மாதிரி வெள்ளையா படர்ந்திருக்கு, கிட்ட போனா ஒரு முக்கல் வாடை. கோகோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) மண்புழு உரமும் பாதிப்பாதி போட்ட கலவை. தினமும் அரை டம்ளர் தண்ணி ஊத்துறேன், நடுவுல அரிசி கழுவின தண்ணி, டீ வடிகட்டின சக்கையும் போடுவேன். இலை பச்சையாத்தான் இருக்கு. ஆறு வயசுப் பையனுக்கு வீசிங் இருக்கு, அதான் பயம். எங்கம்மா குடுத்த செடி, தூக்கிப் போட மனசு வரல.

பதில் 1: மதுரை மாடித்தோட்டம்
தூக்கிப் போடாதீங்க சிஸ்டர், செடிக்கு ஒண்ணும் ஆகல. அந்தப் பூஞ்சை மக்குற பொருளைத் தின்னு வளர்றது, உயிரோட இருக்குற வேரை அது தொடாது. ஆனா அது வருதுன்னா மண்ணு காயவே இல்லைன்னு அர்த்தம், அந்த ஈரம்தான் வேரை அழுக வைக்கும். பாலும் சர்க்கரையும் கலந்த டீச் சக்கை, அரிசித் தண்ணில இருக்குற மாவு, இதெல்லாம் பூஞ்சைக்கு நீங்களே போடுற சாப்பாடு, முதல்ல அதை நிறுத்துங்க. கோகோபீட் மேல வெளுத்துப் போய் காஞ்ச மாதிரி தெரியும், உள்ள சொதசொதன்னு இருக்கும், அதனால கண்ணால பாத்து தண்ணி ஊத்தக் கூடாது, விரலை ரெண்டு இஞ்ச் உள்ள விட்டுப் பாருங்க. மழைக்காலத்துல வீட்டுக்குள்ள வாரம் ஒரு தடவையே பீஸ் லில்லிக்குப் போதும், தாகம் எடுத்தா இலை தொங்கி அதுவே சொல்லும். அடித்தட்டுல நிக்கிற தண்ணியையும் கொட்டிடுங்க, டெங்கு கொசு முட்டை வைக்கிறதே அங்கதான்.

எடுக்கும்போது பையன் ஸ்கூலுக்குப் போனப்புறம் வெளிய வச்சு எடுங்க, மாஸ்க் போட்டுக்கோங்க. காஞ்சபடியே சுரண்டினா தூள் பறக்கும், லேசா தண்ணி ஸ்ப்ரே பண்ணிட்டு ஸ்பூனால ஒரு இஞ்ச் மண்ணை வழிச்சு கவர்ல கட்டிப் போட்டுடுங்க.

பதில் 2: கோவை
மேல சொன்னது சரி. ஒண்ணு மட்டும் சேர்த்துக்கறேன், வெள்ளையா இருக்கறதெல்லாம் பூஞ்சை இல்லீங்க. எங்க வீட்டு போர் தண்ணிக்கு தொட்டி ஓரமெல்லாம் உப்பு பூத்துடும். தொட்டா நறநறன்னு பொடிஞ்சா உப்பு, நூல் நூலா பஞ்சாட்டம் வந்தா பூஞ்சை. உங்களுக்கு வாடையும் வருதுங்கறதால பூஞ்சைதான்.

பதில் 3: திருச்சி
வேப்பம்புண்ணாக்கு போடச் சொல்லி யாராவது சொல்வாங்க, நல்லதுதான், ஆனா மண்ணு மேல தூவி நனைச்சா அது மேலயே வெள்ளையா பூக்கும், நான் போன வருஷம் பாத்து பதறிட்டேன். மண்ணோட கலந்துதான் விடணும். கெட்ட பூஞ்சையை அடக்குற ட்ரைக்கோடெர்மாவும் போடலாம், அதுவே ஒரு பூஞ்சைதான்ங்கறதால பூஞ்சைக்கொல்லி மருந்தோட சேர்த்துப் போட்டா செத்துப் போயிடும். சமையல் பட்டைத்தூள் எல்லாம் மேலாக்க அடக்கும், ஈரம் இருக்குற வரைக்கும் திரும்ப வரும். பையனுக்கு வீசிங் இருக்கும்போது நான் எந்தப் பொடியும் வீட்டுக்குள்ள தூவ மாட்டேன். மாத்தி நடும்போது கோகோபீட்டைக் குறைச்சு மூணுல ஒரு பங்கு ஆத்து மணலோ, லேசான வெள்ளைக் கல்லு மாதிரி இருக்குற பெர்லைட்டோ சேருங்க, தண்ணி கடகடன்னு இறங்கிடும்.

நங்கநல்லூர் ஃபிளாட்
ரொம்ப நன்றி எல்லாருக்கும். தட்டுல ஒரு விரக்கடை தண்ணி நின்னுச்சு, நான் தூக்கிப் பாத்ததே இல்லை. இப்பதான் மாடியில வச்சு மேல் மண்ணை வழிச்சு எடுத்தேன். மூணு தொட்டியும் பையன் ரூம்லேர்ந்து தள்ளி ஜன்னல் பக்கம் போயாச்சு, ஆத்து மணல் எங்க கிடைக்கும்னுதான் தேடிட்டிருக்கேன்.

திருச்சி
நர்சரியிலயே கேளுங்க, சின்னப் பையில தருவாங்க. கடல் மணல் மட்டும் வேண்டாம், உப்பு.