புதுப்பிப்பு: லாஸ்லெஸ் போட்டும் வித்தியாசம் தெரியவில்லை – காரணம் புளூடூத்

பாட்டுச் செயலியில் லாஸ்லெஸ் (தரவு எதையும் இழக்காத ஒலி), டால்பி அட்மாஸ் (சுற்றிலும் இருந்து வருவதுபோல் கேட்கும் ஒலி) இரண்டையும் போட்டும் பாட்டில் மாற்றமே இல்லையே என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி. "புளூடூத்தை விட்டுவிட்டு வயரில் கேளுங்கள்" என்ற யோசனைதான் பலித்தது.

சிடி தர ஒலிக்கு வினாடிக்கு 1,411 கிலோபிட் தரவு. என் புளூடூத் ஹெட்போனுக்கு அது ஏஏசி என்ற ஒலிச்சுருக்க முறையில் சுமார் 256 கிலோபிட்டாகச் சுருங்கித்தான் போய்ச் சேர்கிறது. புதுச்சேரி நேரு வீதியில் சிறிய யுஎஸ்பி-சி டிஏசி (டிஜிட்டல் தரவை ஹெட்போனுக்கான ஒலிச் சமிக்ஞையாக மாற்றும் கருவி) ஒன்று வாங்கி, பழைய வயர் ஹெட்போனை மாட்டினேன். இரவு மின்விசிறியையும் நிறுத்திவிட்டுக் கேட்டேன். மிருதங்கத்தின் தொப்பியில் (கனத்த ஒலி தரும் இடப்பக்கம்) விழும் அடி முழங்கி, மெல்ல அடங்குவது கடைசிவரை கேட்டது. வித்தியாசம் சிறியதுதான், ஆனால் எனக்கு அது பெரிய மகிழ்ச்சி.

எதிர்பாராதது ஒன்று: அட்மாஸ் ஓடும்போது லாஸ்லெஸ் கிடைப்பதில்லை! ஸ்ட்ரீமிங்கில் அட்மாஸ் பெரும்பாலும் வருவது டால்பி டிஜிட்டல் பிளஸ் வடிவில், அதிகபட்சம் 768 கிலோபிட். தரவை இழந்து சுருக்கும் முறை அது. அட்மாஸ் கலவை சற்றுத் தாழ்வாகவும் ஒலிக்கும். ஒலியளவைச் சமமாக்காமல் ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். கச்சேரிப் பதிவுகளுக்கு இப்போது அட்மாஸை அணைத்தே வைத்திருக்கிறேன்.