சவாசனத்தில் படுத்தால் பதற்றம் கூடுகிறது, எனக்கு மட்டும்தானா?

பாதி_ஆய்வேடு:
முதுகலை இரண்டாம் ஆண்டு. தேர்வுக்கு 5 வாரம்தான் இருக்கிறது, ஆய்வேடு பாதியில் நிற்கிறது. ராத்திரி 2 மணிக்கு விழிப்பு வந்தால், எழுதாத அத்தியாயத்தை மனசுக்குள் எழுதிக்கொண்டே விடியும். அறைத்தோழி சொன்னாளே என்று 20 நாளாக ஒரு காணொளியைப் பார்த்து யோகா செய்கிறேன். ஆசனங்கள் வரை சரி. கடைசியில் சவாசனம். "உடம்பைத் தளர்த்துங்கள்" என்று அந்தக் குரல் சொன்னதுமே எனக்கு நெஞ்சு படபடக்கிறது. நேற்று அழுகையே வந்துவிட்டது. நிறுத்திவிடலாமா?

தினமும்_ஓட்டம்:
விடாமல் செய்யுங்கள், பழகிவிடும்.

பாய்_விரித்தவர்:
பழகிவிடும் என்று விட்டுவிட வேண்டாம். யோகா சொல்லிக்கொடுப்பவன் என்பதால் கேட்கிறேன். எந்த நேரத்தில் செய்கிறீர்கள்? சவாசனத்துக்கு முன்னால் என்ன வருகிறது?

பாதி_ஆய்வேடு:
நூலகம் மூடியபின், ராத்திரி 11 மணிக்கு. சவாசனத்துக்கு முன்னால் கபாலபாதி, அதாவது மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளுவது, 60 தடவை, 3 சுற்று.

பாய்_விரித்தவர்:
அங்கேதான் சிக்கல் என்று நினைக்கிறேன். கபாலபாதி உடம்பை எழுப்பிவிடுகிற பயிற்சி, காலைக்கு உரியது. தூங்கப்போகும் நேரத்தில் உடம்பை உசுப்பிவிட்டு உடனே அடங்கு என்றால் எப்படி அடங்கும்? அதை விட்டுவிடுங்கள்.

பதிலாக, சுவரில் கால்களைச் சாய்த்து மல்லாந்து படுங்கள். விபரீத கரணி என்கிற ஆசனத்தின் எளிய வடிவம் இது. (கண் அழுத்த நோய் இருந்தால் வேண்டாம்.) கண்ணை மூடவேண்டும் என்று சட்டமில்லை. சிலருக்குக் கண்ணை மூடினால்தான் உள்ளே இரைச்சல் கூடும். மூக்கு வழியாக 4 எண்ணி இழுத்து 6 எண்ணி விடுங்கள். நிதானமாக எண்ணினால் நிமிடத்துக்கு 6 மூச்சு வரும். மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் வேகமாகும், விடும்போது மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு அதைத் தணிக்கும். அதனால்தான் வெளிமூச்சை நீட்டச் சொல்கிறோம்.

மூச்சை அடக்க மட்டும் வேண்டாம். திருமந்திரத்தில் பூரகம் (மூச்சை இழுப்பது) 16, கும்பகம் (அடக்குவது) 64, ரேசகம் (விடுவது) 32 என்று கணக்கு உண்டு. அதைப் படித்துவிட்டு முதல் நாளே 64 எண்ண முயன்று தலைசுற்றி உட்கார்ந்த மாணவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முனைவர்_ஆகாதவள்:
அழுகையைப் பற்றி யாரும் பேசவில்லையே. எனக்கும் ஆய்வின் மூன்றாம் ஆண்டில் அப்படித்தான் இருந்தது. பகல் முழுக்க ஓடிக்கொண்டிருந்தேன், அழ நேரம் கிடைத்ததே பாயில்தான். அதில் தப்பில்லை தங்கச்சி. ஆனால் 2 வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் பல்கலைக்கழகத்தின் மனநல ஆலோசகரைப் போய்ப் பாருங்கள். யோகா அதோடு சேர்ந்து நடக்கட்டும். நான் யோகாவை மட்டும் நம்பி ஒரு பருவத்தையே இழந்தேன். அப்புறம், வழிகாட்டியிடம் அந்தப் பாதி ஆய்வேட்டைக் காட்டிவிடுங்கள். என் பதற்றத்தில் பாதி, காட்டாமல் வைத்திருந்ததால் வந்தது.

பாதி_ஆய்வேடு:
நன்றி அக்கா, நன்றி ஐயா. நேற்று கபாலபாதி செய்யவில்லை. கண்ணைத் திறந்துகொண்டு மின்விசிறியைப் பார்த்தபடி மூச்சை எண்ணினேன். 30 வரை நினைவிருக்கிறது. 2 மணிக்கு விழிப்பு வந்தது, ஆனால் மறுபடி தூங்கிவிட்டேன். ஆலோசகரிடம் வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். வழிகாட்டிக்கு மின்னஞ்சல் எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் அனுப்பவில்லை.

முனைவர்_ஆகாதவள்:
அனுப்புங்கள். இப்போதே.