அந்தமான் போயும் நிம்மதி இல்ல, ஸ்பீக்கர் கும்பல எப்படித்தான் சமாளிக்கிறீங்க?

மாரத்தஹள்ளி மீனா:
பெங்களூர்ல இருந்து டைரக்ட் ஃப்ளைட் இருக்கேன்னு நானும் வீட்டுக்காரரும் அந்தமான்ல ஹேவ்லாக், நீல்னு ரெண்டு தீவுக்கும் போயிட்டு போன வாரம்தான் வந்தோம். சில்க் போர்டு சிக்னல் ஹாரன் சத்தம் கொஞ்ச நாளைக்கு காதுல விழாம இருந்தா போதும்னுதான் கிளம்பினதே. ஹேவ்லாக்ல ராதாநகர் பீச்சுல சாயங்காலம் போய் உக்காந்தா பக்கத்துலயே ஒரு பெரிய கும்பல், நம்ம ஊர் ஆஃபிஸ் டீம் அவுட்டிங்தான், எல்லாரும் ஒரே கலர் டீஷர்ட், மணல்ல ஸ்பீக்கர நட்டு வெச்சுட்டு குத்துப்பாட்டு. கொஞ்சம் சவுண்ட குறைங்கன்னு இவர் தன்மையாத்தான் கேட்டாரு, அதுக்கு "பீச் என்ன உங்க அப்பன் வீட்டு சொத்தா"ன்னு ஒருத்தன், அதுவும் சுத்தமான தமிழ்ல.

அதக்கூட விடுங்க. நீல்ல நேச்சுரல் பிரிட்ஜ்னு ஒரு பாறை வளைவு, அது பக்கம் தண்ணி வத்துனதும் பாறைக் குழியில எல்லாம் மீன், நண்டு, கடல் அட்டைன்னு (வெள்ளரிக்கா மாதிரி இருக்குமே, அந்த உயிரு) அவ்ளோ அழகா இருந்துச்சு. ஒரு ஆளு அட்டைய வெளிய எடுத்து, அமுக்குனா தண்ணி பீச்சுதுன்னு மறுபடி மறுபடி அமுக்கி வீடியோ எடுக்கிறாரு, அப்புறம் அது அப்படியே கை மாறி கை மாறி போகுது, ஒரு குட்டிப் பாப்பா மட்டும்தான் "தண்ணில விடுங்க அங்கிள்"னுச்சு. யாரும் விடல. இந்த மாதிரி நேரத்துல நீங்க எல்லாம் என்ன பண்ணுவீங்க? சண்டை போடுறதா, எழுந்து வேற பக்கம் போறதா?

சும்மா_வந்தவன்:
அக்கா, ஸ்பீக்கர் தப்புதான், இல்லேங்கல. ஆனா அங்க வர்றதுல பாதிப் பேர் எல்டிசில (கவர்மென்ட் வேலைக்காரங்களுக்குக் குடுக்கிற லீவு டூர் சலுகை) வர்ற குடும்பம், வாழ்க்கையில ஒரு தடவை கடல் தாண்டுறாங்க, சத்தம் போட்டுத்தான் குளிப்பாங்க. அமைதி வேணும்னா டிசம்பர் லீவுல போகாம இருந்திருக்கலாம்ல.

மாரத்தஹள்ளி மீனா:
@சும்மா_வந்தவன் குழந்தைங்க கத்துறத யாரு தம்பி சொன்னா? அந்த டீஷர்ட் கும்பல்ல ஒருத்தருக்குக்கூட முப்பது வயசுக்குக் குறைவா இருக்காது.

அபர்டீன் பஜார் ஆளு:
நான் போர்ட் பிளேர்ல பொறந்து வளந்தவன் (2024ல ஸ்ரீ விஜயபுரம்னு பேர் மாத்திட்டாங்க, எனக்கு இன்னும் வாயில வரல), இப்ப ஒயிட்ஃபீல்டு வாசி. மேடம், பிரச்சனை ஆளுங்க பாதி, பேக்கேஜ் பாதி. எல்லா ஏஜென்ட்டும் ஒரே ஷெட்யூல்தான் போடுவான், காலையில எலிஃபன்ட் பீச், சாயங்காலம் ராதாநகர் சன்செட், அவ்ளோதான், மொத்த தீவும் ஒரே நேரத்துல ஒரே மணல்ல நிக்கும். அங்க நம்ம ஐஎஸ்டி டைம்தான் ஓடுது ஆனா தீவு ரொம்ப கிழக்க இருக்கு, டிசம்பர்ல அஞ்சு மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிரும், விடியறதும் அஞ்சரைக்கே. அதனால காலையில ஆறு மணிக்கு ராதாநகர் போய்ப் பாருங்க, நாய்ங்க நாலு படுத்திருக்கும், வேற ஈ காக்கா இருக்காது. நீல்லயும் அதே கதைதான், பெரும்பாலும் காலை ஃபெர்ரியில வந்து சாயங்காலம் கிளம்புற கூட்டம், நைட்டு தங்குனா ஊரே வேற.

அந்த அட்டை விஷயம், அது விளையாட்டு இல்ல. ராமேஸ்வரம் பக்கம் கடல் அட்டை கடத்துறவன பிடிச்சாங்கன்னு பேப்பர்ல அடிக்கடி வருமே, அதே 1972 வனவிலங்கு சட்டம்தான் இங்கயும், பவளத்துக்கும் அதுதான், செத்து ஒதுங்குன துண்டக்கூட பையில போட்டு எடுத்துட்டுப் போகக் கூடாது, ஏர்போர்ட்ல எடுத்துப் போட்ருவாங்க. அதனால டூரிஸ்ட்கிட்ட மல்லுக்கு நிக்காதீங்க, கூட வந்த கைடை தனியா கூப்பிட்டு "ஃபாரஸ்ட்ல சொல்லட்டுமா"ன்னு மெதுவா கேளுங்க, அவன் பொழப்பு அதுல இருக்கு, உடனே தண்ணில விட வெச்சிருவான். பவளத்து மேல ஏறி நிக்கிறவங்களுக்கும் இதே வைத்தியம்தான். 2010லயும் 2016லயும் கடல் சூடாகி ஏகப்பட்ட பவளம் வெளுத்துப் போச்சு, மிச்சம் இருக்கிறத மிதிச்சே முடிச்சிருவாய்ங்க.

கோரமங்களா குமார்:
அவ்ளோ தூரம் எதுக்கு, நம்ம உடுப்பி பக்கம் மால்பேல இருந்து செயின்ட் மேரீஸ் தீவுக்கு போட்ல போனோம், போட்லயே பாட்டு ஆரம்பிச்சிருச்சு. எரிமலைக் குழம்பு ஆறி தூண் தூணா நிக்கிற பாறை அது, உலகத்துல அதிகம் பார்க்க முடியாத ஐட்டம், அது மேல உக்காந்து சிப்ஸ் பாக்கெட்ட பிரிச்சு காத்துல விடுறாய்ங்க. கேட்டா மொறைக்கிறாய்ங்க. நான் என்ன பண்ணுவேன்னா ஒண்ணும் பேசாம அந்த பாக்கெட்ட அவங்க கண்ணு முன்னாடியே பொறுக்கி அவங்க கையிலயே குடுப்பேன். பத்துல ஏழு பேர் வாங்கிக்குவாங்க, மத்தவங்க திட்டுவாங்க, திட்டட்டும்.

மாரத்தஹள்ளி மீனா:
@அபர்டீன் கைடு ஐடியா சூப்பர்ங்க, இது தோணவே இல்ல. அடுத்த தடவை மாமியாரையும் கூட்டிட்டு நீல்லயே தங்கலாம்னு இவர் சொல்றாரு. பிப்ரவரி எப்படி, கடல் ஆடுமா? அவங்களுக்கு போட்னாலே வாந்தி.

அபர்டீன் பஜார் ஆளு:
பிப்ரவரி, மார்ச் கடல் நல்லா இருக்கும், தைரியமா வாங்க. மே கடைசில இருந்து மட்டும் வேண்டாம். காலையில முதல் ஃபெர்ரி புக் பண்ணுங்க, அம்மாவுக்கு கீழ் டெக்ல நடு சீட்டா பாத்து போடுங்க, ஏறுறதுக்கு அரை மணி முன்னாடி ரெண்டு இட்லிக்கு மேல குடுக்காதீங்க.