மறு: மேட் திரைக்கு ‘மங்கல் திரை’ பொருந்துமா?

குழுவினருக்கு வணக்கம்.

நம் சொல்லகராதியில், பளபளப்பில்லாத ‘மேட்’ கணினித் திரைக்கு ‘மங்கல் திரை’ என்று பெயர் வைக்கலாம் என்ற முன்மொழிவை நான் எதிர்க்கிறேன். எளிய சொல்தான். ஆனால் பெரும் தொகை கொடுத்து மடிக்கணினி வாங்கிய ஒருவர் ‘திரை மங்கலாக இருக்கிறது’ என்று புகார் எழுதினால், படிப்பவர் திரைக்குப் பின்னுள்ள விளக்கில் பழுது என்றுதான் எடுத்துக்கொள்வார். கேட்டு வாங்கிய தன்மையையும் பழுதையும் ஒரே சொல் குறித்தால் நட்டம் வாங்கியவருக்குத்தான்.

நம் பள்ளிப் பாடநூல்களிலேயே வழி இருக்கிறது: ஒழுங்கான எதிரொளிப்பு, ஒழுங்கற்ற எதிரொளிப்பு. பளபளப்புத் திரை முதல் வகை. கறுப்புப் பின்னணியில் நிரல் எழுதும்போது, முதுகுக்குப் பின்னால் எரியும் டியூப்லைட் வரிகளுக்கு நடுவே வெள்ளைக் கோடாக விழும். நம் மூக்குக் கண்ணாடியின் விளிம்புகூடத் தெரியும். இரண்டாம் வகையான மேட் திரையில் அதே டியூப்லைட் உருவம் கலைந்து வெளிறிய படலமாகப் பரவிவிடும். கறுப்பு சற்றே சாம்பல் பூக்கும், ஆனால் கண் கூசாது. நடப்பது ஒளிச்சிதறல் என்பதால் ‘சிதறொளித் திரை’ என்று முன்மொழிகிறேன். பேச்சில் ‘மேட்’ இருந்துவிட்டுப் போகட்டும். கையேட்டுக்கும் ஒப்பீட்டுக்கும் புகார்க் கடிதத்துக்கும் இந்தச் சொல் வேண்டும்.

கண்கூச்சத்தைக் குறைக்கும் எல்லாவற்றையும் ‘எதிரொளிப்புத் தடுப்பு’ என்று ஒரே பெயரில் அடக்கும் யோசனையும் வேண்டாம். மூக்குக் கண்ணாடிக் கடையில் ‘ஏ.ஆர். கோட்டிங்’ (ஆன்டி ரிஃப்ளெக்டிவ் பூச்சு) என்று விற்கிறார்களே, சாய்த்துப் பார்த்தால் இலேசாகப் பச்சையோ ஊதாவோ மின்னும், அது வேறு. மெல்லிய படலத்தின் மேற்புறத்திலும் அடிப்புறத்திலும் திரும்பும் ஒளியலைகள் குறுக்கிட்டு ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. சிதறல் ஏதும் இல்லை. பளபளப்புத் திரைக்கும் இந்தப் பூச்சு உண்டு. ஆப்பிளின் ‘ரெட்டினா’ என்ற கூர்மையான திரை கொண்ட மேக்புக் மடிக்கணினிகளில் திட்டுத்திட்டாக உரிந்து, 2015இல் பயனர்கள் கொதித்தெழுந்தது இதைப் பற்றித்தான். இதற்கு ‘எதிரொளி தணிப்புப் பூச்சு’ போதும்.

அடுத்தது, ஆப்பிள் ‘நேனோ டெக்ஸ்ச்சர்’ என்று விற்கும் கண்ணாடி. வணிகப் பெயரை மொழிபெயர்க்கத் தேவையில்லை என்பதை ஏற்கிறேன். ஆனால் செய்முறைக்குப் பெயர் வேண்டும். வேக்கம் நிறுவனத்தின் சின்டிக் புரோ போன்ற, பேனாவால் வரையும் திரைகளிலும் இப்படி மேற்பரப்பை அரித்தெடுத்த கண்ணாடி இருக்கிறது. வழவழத்துப்போன அம்மியைப் பொளிவதுபோல, இங்கே கண்ணாடியின் முகத்தையே நுண்ணிய அளவில் பொளிகிறார்கள். ‘நுண்பொளிக் கண்ணாடி’ என்றால் மேலே ஒட்டிய படலம் அல்ல என்பதும் சேர்ந்தே விளங்கும்.

இத்தனை பிரிவினை எதற்கு என்று குழுவில் சிலர் கேட்டிருந்தார்கள். விலைப்பட்டியலைப் பாருங்கள். 2008 அக்டோபரில் ஆப்பிள் 15 அங்குல மேக்புக் புரோவில் மேட் திரையையே எடுத்துவிட்டது. புகைப்படக்காரர்களும் அச்சு வடிவமைப்பாளர்களும் முறையிட்ட பிறகு, 2009இல் 50 டாலர் கூடுதல் விலையில் திரும்பக் கொடுத்தது. 2012இல் வந்த ரெட்டினா மாதிரியில் மறுபடியும் இல்லை. 2019இல் ஆப்பிளின் புரோ டிஸ்ப்ளே எக்ஸ்.டி.ஆர். என்ற தனித்திரை 4,999 டாலர், நுண்பொளிக் கண்ணாடியோடு 5,999. 2022இல் வந்த ஸ்டுடியோ டிஸ்ப்ளே தனித்திரையில் அதே தன்மைக்குக் கூடுதலாக 300, 2024இன் மேக்புக் புரோவில் 150. அதே ஆண்டின் ஐபேட் புரோவில் 100தான். ஆனால் சேமிப்பிடம் ஒரு டெராபைட்டும் அதற்கு மேலும் உள்ள மாதிரிகளுக்கு மட்டுமே. 11 அங்குலத்தில் 999 டாலர் கருவி தேடிப் போனவர் கண்கூச்சம் இல்லாத திரைக்காக 1,699 எடுத்து வைக்க வேண்டியிருந்தது. இது எனக்கு அநியாயமாகவே படுகிறது. எதற்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று தமிழில் கேட்க, பூச்சுக்கு ஒன்று, சிதறலுக்கு ஒன்று, பொளிவுக்கு ஒன்று எனத் தனித்தனிச் சொற்கள் இருந்தே ஆக வேண்டும்.

ஈழத்து நண்பர்கள் ஒன்றைச் சொல்ல வேண்டும். இலங்கைப் பாடநூல்களில் எதிரொளிப்பைத் ‘தெறிப்பு’ என்கிறார்கள். எனக்கு அதுவே அழகாகவும் குறுக்கமாகவும் தோன்றுகிறது. பூச்சை ‘தெறிப்புத் தணிப்பு’ என்று வைத்தால் ஓரசையாவது மிச்சம். ஆனால் தமிழ்நாட்டு வாசகருக்குத் தெறிப்பு என்றால் நீர் தெறிப்பதுதான் நினைவுக்கு வரும். சொல்லகராதியில் இரண்டையும் இணைச்சொற்களாகப் பதியலாமா, ஒன்றையே தலைச்சொல்லாக்கலாமா? ‘சிதறொளித் திரை’, ‘நுண்பொளிக் கண்ணாடி’ இரண்டுக்கும் மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள்.