‘முன்பதிவு’ போதாது: அச்சாரச் சரக்கு, அலமாரிச் சரக்கு

நண்பர்களுக்கு வணக்கம். கடையில் முன்கூட்டியே பணம் கட்டிப் பொருளைக் கேட்டு வைக்கும் ‘ப்ரீ-ஆர்டர்’ முறைக்கு ஒரு தமிழ்ச் சொல் தேடுகிறோம். அதைப் பற்றிப் பினாங்கு நண்பர் ஒருவர் கேட்டது:

> ப்ரீ-ஆர்டருக்கு ‘முன்பதிவு’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. இன்னொரு சொல் எதற்கு?

அவரின் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் மேலே போக முடியாது. கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த் போகும் இடிஎஸ் ரயிலில் இடம் பிடிப்பது முன்பதிவு. நான் பதியாவிட்டாலும் அந்த இருக்கை பட்டர்வொர்த் போய்ச் சேரும், காலியாகவோ வேறு யாரையாவது ஏற்றிக்கொண்டோ. வீடியோ கேம் கடையில் நடப்பது வேறு. நான் பணம் கட்டாவிட்டால் எனக்கான பெட்டி கடைக்கே வராது. ரயில் விஷயத்தில், ஏற்கெனவே இருக்கும் பொருளில் என் பங்கை ஒதுக்கி வைக்கிறார்கள். கடையிலோ என் பணத்தைப் பார்த்த பிறகுதான் பொருளையே வரவழைக்கிறார்கள். இரண்டையும் ஒரே சொல்லால் சொன்னால் இந்த வேறுபாடு மறைந்துவிடும்.

போன மாதம் என் மகனுக்காக ஒரு புது கேம் வாங்கப் போனேன். வெளியான நாள் அன்றே, வேலை முடிந்து துன் சம்பந்தன் நிலையத்தில் மோனோரெயில் ஏறி, புக்கிட் பிந்தாங் பக்கம் ஒரு கடை. மேசைக்குப் பின்னால் அதே கேம் அடுக்கடுக்காக இருந்தது. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பெயர்ச் சீட்டு. “டெபாசிட் போட்டீங்களா?” என்றார்கள். இல்லை. அப்படியானால் இல்லை. சரி, போன வருடம் வந்த வேறொரு கேமைக் கேட்டேன். அதுவும் இல்லை, 50 வெள்ளி கட்டினால் வரவழைத்துத் தருவார்களாம். கையில் முழுப் பணத்தோடு நிற்பவனுக்கு ஒரு கடையில் வாங்க ஒன்றுமே இல்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, பக்கத்தில் இருக்கும் இன்னொன்றில் கண் பட்டு, அதை வாங்கி வருவதுதானே கடைக்குப் போவது?

கடைக்காரர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. விற்காத பெட்டியை மொத்த வியாபாரி திரும்ப எடுத்துக்கொள்வதில்லை என்றார். புது கேமின் விலை சில மாதங்களிலேயே இறங்கிவிடும், அந்த நட்டம் அவர் தலையில். பாதிப் பேர் வீட்டிலிருந்தே பதிவிறக்கிக் கொள்கிறார்கள் என்றும் சொன்னார். 2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5 என்ற கேம் கருவியில் வட்டு போடும் வசதியே இல்லாத ஒரு வகையும் உண்டு. அதை வாங்கியவர் கேம் கடைக்கு வட்டு தேடி வரப் போவதில்லை. ஆனாலும் ஒன்று, பதிவிறக்கத்தில் சரக்கு தீர்வதே இல்லை. கடையும் அலமாரியைக் காலி செய்துவிட்டால் அங்கே போக என்ன காரணம் மிச்சம்?

இனி சொல்லுக்கு வருகிறேன். ‘முன்கேட்பு’, ‘முன்கோரல்’ இரண்டும் இலக்கணப்படி சரி, ஆனால் வாயில் வரவில்லை. என் முதல் ஆசை ‘சொல்லிவைப்பு’. “கடையில் சொல்லி வைத்திருக்கிறேன்” என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். மலாயிலும் ‘பெசான்’ என்றால் சொல்லி அனுப்புவது, பொருள் கேட்டு வைப்பது, இரண்டும்தான். ஆனால் சொல்லி வைப்பதில் பணம் இல்லை, நம்பிக்கைதான் உண்டு. தீபாவளிக்கு எங்கள் தெருவில் முறுக்கு சுடும் அக்காவிடம் இரண்டு டின் சொல்லி வைப்போம். சொன்னவர்களுக்குப் போக, வாசலில் வந்து கேட்பவர்களுக்கென்று அவர் நாலைந்து டின் கூடுதலாகச் சுடுவார். கேம் கடையில் இல்லாதது அந்த நாலைந்து டின்தான்.

பணம் கட்டி உறுதி செய்வதற்கு நம்மிடம் பழைய சொல் இருக்கிறது: அச்சாரம். மாடு வாங்கவும் வீடு பேசவும் கொடுத்தது. அதனால் என் முன்மொழிவு ஒரு சொல் இல்லை, ஒரு இணை. அச்சாரம் கட்டியவர்களுக்காக மட்டும் வருவது அச்சாரச் சரக்கு. யார் வந்தாலும் எடுத்துப் பார்த்து வாங்க வைத்திருப்பது அலமாரிச் சரக்கு. ப்ரீ-ஆர்டர் செய்தேன் என்பதற்கு ‘அச்சாரம் கட்டினேன்’ போதும்.

‘இருப்பு’ என்று ஏன் போடவில்லை என்று கேட்பீர்கள். இருப்பு கணக்கேட்டுச் சொல். சரக்கு கடைத்தெருச் சொல். சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி தந்த ‘இணையம்’ நிலைத்ததற்குக் காரணம், ‘இணை’ என்பது எல்லோருக்கும் தெரிந்த வினை என்பதே. அச்சாரமும் சரக்கும் அலமாரியும் அப்படித் தெரிந்தவைதாம்.

பினாங்கு நண்பர் கொம்தார் பக்கக் கடைகளில் ஒருமுறை இப்படிக் கேட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும், தமிழ் பேசும் பையன்கள் யாராவது வேலையில் இருந்தால்: “தம்பி, இது அச்சாரச் சரக்கு மட்டுமா, அலமாரிச் சரக்கும் வருமா?” விளக்காமலே அந்தத் தம்பிக்குப் புரிந்துவிட்டால் சொல்லை நம் சொற்பட்டியலில் சேர்த்துவிடலாம்.

அன்புடன்,
பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து