துறைமுகத்துக்கு ஏன் இவ்வளவு ஆழம்?

பந்திங் ஆசிரியை:
வணக்கம். செம்பனைத் தோட்டங்களை ஒட்டிய தமிழ்ப்பள்ளி ஒன்றில் நான் கற்பிக்கிறேன். எண்ணெய் லாரிகள் மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்தை நோக்கிச் செல்வதை அன்றாடம் பார்க்கும் என் மாணவன் ஒருவன், "கப்பல் மிதக்கும் அளவு தண்ணீர் இருந்தால் போதாதா, துறைமுகம் ஏன் அவ்வளவு ஆழமாக இருக்க வேண்டும்?" என்று கேட்டான். என்னால் நிறைவான விடை கூற இயலவில்லை. துறையறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கிள்ளான் சரக்கு முகவர்:
ஆசிரியைக்கு வணக்கம். செம்பனை எண்ணெய் பெரும்பாலும் தொட்டிகளில் சேமிக்கப்பட்டு, எண்ணெய்க் கப்பல்களில் செல்கிறது. அவற்றுக்கு மிகப் பெரிய ஆழம் தேவைப்படுவதில்லை. ஆழத்தைக் கேட்பவை, சரக்கு அடைத்த பெரும் பெட்டிகளான கொள்கலன்களை ஏற்றும் கப்பல்கள்தாம். 1956இல் அமெரிக்காவில் புறப்பட்ட 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் 58 கொள்கலன்களை ஏற்றிச் சென்றது. இன்றைய மிகப் பெரிய கப்பல்களோ ஏறத்தாழ 400 மீட்டர் நீளமுடையவை. இருபதடி நீளப் பெட்டிகளாகக் கணக்கிட்டால் 24,000 கொள்கலன்களை ஏற்றக்கூடியவை. முழுச் சுமையுடன் அவற்றின் உடலில் சுமார் 16 மீட்டர், அதாவது ஓர் ஐந்து மாடிக் கட்டடத்தின் உயரம், நீருக்குள் அமிழ்ந்திருக்கும்.

கப்பல் பெரிதாகப் பெரிதாக ஒரு பெட்டிக்கான செலவு குறையும். ஆனால் அத்தகைய கப்பல் எல்லா ஊர்களிலும் நின்று செல்லாது. மலாக்கா நீரிணை போன்ற பெருவழியை ஒட்டிய ஆழமான சில துறைகளில் மட்டும் நிற்கும். சுற்றுவட்டாரச் சரக்கைச் சிறு கப்பல்கள் அங்கே கொண்டுவந்து சேர்க்கும். தமிழ்நாட்டு ஏற்றுமதியில் ஒரு பகுதிகூட நெடுங்காலமாகக் கொழும்பு, சிங்கப்பூர், கிள்ளான் ஆகிய இடங்களில் கப்பல் மாறியே சென்றது. இதில் நான் முக்கியமாகக் கருதுவது ஒன்றுண்டு: பிறநாட்டாரின் பெட்டிகளுக்காக வரும் பெருங்கப்பலில்தான் நம் மலேசியக் கையுறைகளும் மரத்தளவாடங்களும் நேரடியாக ஐரோப்பா செல்ல இடம் கிடைக்கிறது. நம் சரக்கை மட்டும் நம்பி அவ்வளவு பெரிய கப்பல் அடிக்கடி வராது.

ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி (எழுத்தர்):
இந்தக் கேள்வி நம் ஊருக்குப் புதிதன்று. கிள்ளான் ஆற்றுத்துறைக்குப் பெரிய கப்பல்கள் வர இயலாததால்தான் 1901இல் ஆற்று முகத்துவாரத்தில் சுவெட்டன்ஹம் துறைமுகம் திறக்கப்பட்டது. 1972இல் அது கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாறியது. 1901இல் திறந்த சில மாதங்களிலேயே அங்கு மலேரியா பரவிப் பலர் நோயுற்றனர். மருத்துவர் மால்கம் வாட்சனின் முயற்சியால் சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டிய பின்னரே நோய் தணிந்தது. ரப்பரை உலகுக்கு அனுப்பிய அத்துறைமுகத்தைப் பற்றிக் கற்பிக்கும்போது இதையும் சொல்லுங்கள், அம்மா.

கேரித் தீவு வாசகர்:
ஆழம் ஒருமுறை தோண்டினால் நிலைத்துவிடுவதில்லை. ஆறு கொண்டுவரும் வண்டல் படியப் படியத் தூர்வார வேண்டும். எங்கள் தீவில் புதிய துறைமுகம் அமைப்பது குறித்துப் பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. இங்கே மா மெரி பூர்வகுடியினரும் வாழ்கின்றனர். சதுப்புக்காடும் மீன்பிடியும் அவர்கள் வாழ்வோடு கலந்தவை. கலங்கிய நீரால் மீன்வளம் குறைந்தால் அந்த இழப்பு எந்தத் துறைமுகக் கணக்கில் எழுதப்படும் என்பதையும் மாணவர்கள் கேட்கட்டும்.